நாலு பெட்டியின் எடை

மகளே, மகனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாயால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. மகளே, போன ஞாயிற்றுக்கிழமை உன் நிக்காஹ் பத்திரிகைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது நீ கேட்டாய்: "வாப்பா, மாமாவுக்கு ஒண்ணு எழுதட்டா?" உன் உம்மா தலை நிமிராமல், "எனக்கு அண்ணனும் கெடையாது, உனக்கு மாமாவும் கெடையாது" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் சோற்றுத் தட்டைப் பார்த்தேன். பதினான்கு வருடமாக நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய வலது கை. வளைகுடாவில், பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன விமானத் தளத்தில், தகரக் கொட்டகையின் வாசலில் அந்தக் கை நீட்டியபடி இருக்கும். வெளியே வெயில் கொளுத்தும். அந்த வெயிலில் ஒருவன் குளிருக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வருவான். மாமாவின் கை அவன் நெஞ்சுக்கு நேரே போய் நிற்கும். "கழட்டு." அவன் சிரிப்பான். இவர் சிரிக்க மாட்டார். கோட்டுப் பைகளிலிருந்து பால்மாவு டப்பா, டார்ச் லைட்டு, ஒருமுறை முழு இஸ்திரிப் பெட்டி ஒன்று கூட வெளியே வந்திருக்கிறது. பைக்கு இத்தனை கிலோ என்று எல்லை வைத்திருந்ததால், பையில் வைக்க முடியாததை உடம்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். மாமா கோட்டோடு சேர்த்து ஆளை எடை மேடையில் ஏற்றி, முள் நின்ற இடத்தைப் பார்த்து, தாளில் எழுதிவிட்டுத்தான் கையை இறக்குவார்.

கடையநல்லூரில் பிறந்த நான் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். நாற்பது மூட்டை என்று சொன்ன லாரியில் நாற்பத்தாறு ஏற்றுவதுதான் எங்களுக்குப் பெருமை. ஒரு மூட்டை தரையில் நின்றால் அதை அவமானமாக நினைப்போம். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் மாமா. எங்கள் தெருக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், பத்தாவது பாஸ் செய்தவர். அவர் அங்கே எடை பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தார். நான் அதே தளத்தில் சாமான் ஏற்றுகிறவனாகப் போய்ச் சேர்ந்தேன். லாரி ஏற்றிய கைக்கு இந்தக் குட்டி விமானம் எம்மாத்திரம் என்ற நினைப்போடுதான் போனேன்.

நிஜமாகவே குட்டி விமானம்தான். பத்தொன்பது சீட்டு, இரண்டு பக்கமும் விசிறி. நம் மினி பஸ்ஸைவிட ஒடுக்கம். எண்ணெய்க் கிணற்று முகாமில் வேலை செய்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பும். வாரத்தில் இரண்டே நாள், ஞாயிறும் புதனும். மூக்கில் ஒரு சாமான் அறை, வாலில் ஒரு சாமான் அறை. எதை எதில் வைப்பது என்பது மாமாவின் தாளில் இருக்கும். நீளமான தாள் அது. மேலே ஆட்களின் எடை, கீழே சாமான்களின் எடை, ஓரத்தில் ஒரு கட்டம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். கோடு கட்டத்துக்குள் முடிந்தால் விமானம் புறப்படும். வெளியே போனால் ஒரு பையை முன்னால் மாற்றுவார், ஓர் ஆளை இடம் மாற்றி உட்கார வைப்பார், அதுவும் பற்றாவிட்டால் இறக்கிவிடுவார்.

மகனே, உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சைக்கிள் கேரியரில் ஒரு எலுமிச்சை மூட்டையைக் கட்டி, அதை நீ கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டிவிட்டால் முன் சக்கரம் என்ன செய்யும்? தூக்கும். ஹேண்டில் பாரை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஆடும். அதே மூட்டையைக் குறுக்குக் கம்பியில் வைத்தால் பேசாமல் போகும். மூட்டையின் எடை ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு. சைக்கிள் என்றால் காலை ஊன்றிக்கொள்ளலாம். வானத்தில் எங்கே ஊன்றுவது? இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏன் ஒரு விபரீதம் வேண்டியிருந்தது என்று நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முகாமுக்குப் போகிறவர்களில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய. அவர்கள் மாமாவுக்கு வைத்த பெயர் 'கறிக்கடைத் தராசு'. அவர் காதில் விழும்படியாகவே சொல்வார்கள். செங்கோட்டைக்காரர் ஒருவர், நல்ல கனத்த உடம்பு, ஒவ்வொரு தடவையும் கடைசி சீட்டில் போய் உட்காருவார். மாமா ஒவ்வொரு தடவையும் அவரை எழுப்பி முன்னால் கொண்டுவருவார்.

"ஏன்வே, ஆள மாத்தி மாத்தி உக்கார வைக்கேரு, இது என்ன கல்யாணப் பந்தியா?" என்று அவர் கேட்டார்.

"பந்தில எடம் மாறி உக்காந்தா கறித் துண்டுதான் கொறையும் அண்ணாச்சி. இங்கன ஆளு கொறையும். எந்திரிங்க" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மாமாவைப் பார்த்துத்தான். ஏற்றிய பையை இறக்கு, இறக்கியதை மூக்கில் வை, வேண்டாம் வாலில் வை என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். யாரோ ஒருவனின் பை புதன்கிழமைக்கு என்று கொட்டகையில் நின்றுவிட்டால், அந்த ஆள் என்னைத்தான் முறைப்பான். "உம் மச்சான்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்பான். சொல்லிப் பார்த்திருக்கிறேன். "மாப்ள, பேனா எங்கிட்ட இருக்கு, பை உங்கிட்ட இருக்கு. நீ உன் வேலயப் பாரு" என்று முடித்துவிடுவார்.

அது நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள். முகாமின் சமையற்காரர் கடையநல்லூர்க்காரர். நகரத்தில் இருந்த நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, முகாமில் இருக்கிறவர்களுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கான சாமான்களை நாலு அட்டைப் பெட்டியில் கட்டி அவரிடம் கொடுத்திருந்தார்கள். பெட்டிகள் வந்த பிக்அப் வண்டி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது மாமா கோடு இழுத்து முடித்துத் தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஷீட்டு முடிஞ்சிட்டு. புதன்கெழம போவும்" என்றார்.

"நாளைக்குத் தல நோன்பு காக்கா. புதன்கெழம கஞ்சி காய்ச்சி என்னத்துக்கு ஆவும்? நாலே நாலு பெட்டி" என்று சமையற்காரர் கெஞ்சினார்.

"நாலு பெட்டி எத்தன கிலோ? எடபோட்டு, கணக்க முதல்லேருந்து போட்டு, ரெண்டு ஆள எறக்கணும். யார எறக்கட்டும்? பேரச் சொல்லு."

மாமா தாளை எடுத்துக்கொண்டு விமானியிடம் கையெழுத்து வாங்கப் போனார். சமையற்காரர் என் பக்கம் திரும்பி மெதுவாக, "அமானிதம் மாப்ள" என்றார்.

அந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். ஒருவர் நம்பிக் கையில் கொடுத்துவிட்ட பொருள். உரியவரிடம் சேர்க்கிற வரைக்கும் அது நம் கழுத்தில் இருக்கிற பொறுப்பு. நம் ஊரில் யார் வெளிநாடு போனாலும் வந்தாலும், அவன் பெட்டியில் பாதி இப்படி அடுத்தவர் கொடுத்துவிட்டதாகத்தான் இருக்கும். தன் சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு அடுத்த வீட்டு ஊறுகாயைக் கொண்டுபோன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதிலேயே வளர்ந்தவன் நான். அதுவும் நோன்புக்கான சாமான். அந்த நேரத்தில் எனக்கு மாமாவின் தாள் வெறும் தாளாகவும் அந்த நாலு பெட்டி மார்க்கக் கடமையாகவும் தெரிந்தன. மூக்கு அறையைத் திறந்தால் விமானிக்குத் தெரிந்துவிடும். அதனால் வால் பக்கம் போனேன். வலையை விலக்கி, நாலு பெட்டியையும் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினேன். நாலாவது பெட்டியை முழங்கால் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. எடை கூடுதல் என்று என் முழங்காலுக்குத் தெரிந்தது, மூளைக்கு எட்டவில்லை.

விமானம் ஓடி, பாதித் தூரம்கூடப் போவதற்குள் மூக்கைத் தூக்கியது. வழக்கமாக அது எழும்புகிற இடம் எனக்குத் தெரியும், ஒரு வெள்ளைக் கல் இருக்கும். அன்றைக்கு அந்தக் கல்லுக்கு வெகு முன்னாலேயே தூக்கிவிட்டது. தூக்கிய விதமும் சரியில்லை. கழுத்தை யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி மேலே மேலே போயிற்று. என் பக்கத்தில் நின்றிருந்த மாமா கையில் இருந்த தாளைக் கீழே போட்டார். அவர் தாளைக் கீழே போட்டு அன்றுதான் பார்த்தேன். விமானம் இறக்கை ஆடி, கொஞ்சம் இறங்கி, மறுபடி தூக்கி, பெரிதாக ஒரு வட்டம் அடித்தது.

உள்ளே என்ன நடந்தது என்பதை, அதில் போன சமையற்காரர் பிறகு சொன்னார். இரண்டு விமானிகளும் நாலு கையாலும் விமானத்தை ஓட்டுகிற கம்பியை முன்னால் தள்ளிக்கொண்டு கத்தியிருக்கிறார்கள். பின் சீட்டுக்காரர்களை முன்னால் வரச் சொல்லித்தான் கத்தியிருக்கிறார்கள். ஐந்தாறு பேர் தவழ்ந்து போய், விமானிகளின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கோட்டைக்காரர் எல்லோருக்கும் முன்னால், யாரும் சொல்லாமலேயே போய் உட்கார்ந்துவிட்டாராம். அப்படியே வந்து இறங்கியது. இறங்கும்போது சக்கரம் இரண்டு தடவை குதித்தது. உள்ளே இருந்த பதினேழு பேரும் இரண்டு விமானிகளும் நடந்தே வெளியே வந்தார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விமானி வால் கதவைத் திறந்தார். நாலு பெட்டி. விரலால் எண்ணினார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "நீயா?" என்று மட்டும் கேட்டார்.

"அமானிதம் மச்சான்" என்றேன்.

"உள்ள உக்காந்திருந்தானுவளே பத்தொம்பது பேரு. அவனுவ யாருலே? அவனுவ பொண்டாட்டி புள்ளைக யாரு கையில குடுத்துவிட்ட அமானிதம்?"

அவர் போய், கீழே போட்ட தாளை எடுத்து மடித்தார்.

இனிமேல் எழுதப்போவதுதான் உங்களிடம் மறைத்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஆட்கள் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நம் ஆட்கள் பெட்டிகளைப் பிரித்து, அரிசி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார்கள். அட்டைகளைக் கிழித்துக் குப்பையில் போட்டது நான். வந்தவர்கள் எடைபோட ஒன்றும் இல்லை. பெட்டிகள் எவ்வளவு இருந்தன என்று தெரியாததால், தாளில் மாமா எழுதியிருந்த ஆட்களின் எடையும் சரிதானா என்று சந்தேகப்பட்டார்கள். ஏற்கனவே விளிம்பில் இருந்த கணக்கோ, பெட்டிகள் சும்மா ஒரு சாக்கோ என்று கேட்டார்கள். மாமாவை எழுதித் தரச் சொன்னார்கள். தான் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏற்றுகிற ஆள் ஏற்றினான் என்று எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. கதவு சாத்துகிற வரைக்கும் தான் அங்கே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை, அது தன் தவறு என்று தன்னைப் பற்றியும் எழுதினார். அதை யாரும் கேட்கவே இல்லை. எனக்கு வேலை போயிற்று, ஊருக்கு அனுப்பினார்கள். அவரை எடை மேடையிலிருந்து எடுத்து, ஒரு கிடங்கில் சாக்கு எண்ணுகிற வேலையில் போட்டார்கள். தாளில் தப்பு இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டாள், ஏன் வந்தீர்கள் என்று. "உங்கண்ணன் எழுதிக் குடுத்துட்டாரு" என்றேன். அது பொய் இல்லை. பாதி. அந்தப் பாதி தெருவெல்லாம் சுற்றி வந்தது. தங்கச்சி புருஷனையே காட்டிக் கொடுத்தவன் என்று ஆயிற்று. நோன்புக்கு நாலு பெட்டி அரிசி கொண்டுபோனதற்கா இப்படி என்று பெரியவர்கள்கூடக் கேட்டார்கள். கேட்ட எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து நின்றார்கள்: "ஒண்ணும் ஆவல்லியே!"

அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புண்ணாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, அதனால் தப்பே நடக்கவில்லை என்று எப்படி ஆகும்? விமானம் விழுந்திருந்தால் மாமா சொன்னது சரி என்று ஊரே சொல்லியிருக்கும். விழாததால் அவர் துரோகி. இதை எடுத்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கு அந்த வார்த்தை வசதியாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். மகளே, நீ பிறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது அப்போது. மாமா உனக்கு அனுப்பிய பெருநாள் சட்டையை உம்மா பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினாள். அந்தப் பொட்டலத்தைத் தபால் ஆபீஸுக்குக் கொண்டுபோனது நான்தான்.

இப்போது தென்காசியில் வேன் ஓட்டுகிறேன். சீசனில் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறேன், மற்ற நாளில் ஒரு மளிகை மொத்தக் கடைக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறேன். நான் பார்க்கிற பிழைப்பே எனக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. ரயில் நிலையத்தில் இருபது பேர் வந்து நிற்பார்கள். அடுப்பு, அண்டா, தண்ணீர்க் கேன், பெட்டி, படுக்கை. எல்லாவற்றையும் மேலே கேரியரில் கட்டச் சொல்வார்கள். போதும், பாரம் மேலே அதிகமாகிவிட்டது, வளைவில் ஆடும் என்பேன். "அண்ணாச்சி, ஒரு அண்டாதான, மேலகரம் தாண்டுனா அருவி வந்திருது, இதுக்குப் போயி!" என்பார்கள். நான் கோபப்பட்டால் சிரிப்பார்கள். பக்கத்து வேன்காரன் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பிறகு நானும் ஏற்றுவேன். ஏற்றிவிட்டு வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு போவேன்.

போன மாதம், நல்ல சாரல் விழுந்த ஒரு காலையில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜ் வாசலில் அப்படி ஒரு கூட்டத்தை இறக்கினேன். வரவேற்பு மேசையிலிருந்து சாவிகளோடு வெளியே வந்தவர் மாமா. அவர் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே இருப்பது தெரியாது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வேனின் கேரியரைப் பார்த்தார்.

"கனத்த எல்லாத்தையும் பின்னாலயே கட்டியிருக்க" என்றார். பதினான்கு வருடம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஆட்கள் உள்ளே போனதும், சாரலில் நனைந்தபடியே நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வீட்டில் பாதியைத்தான் சொன்னேன், அட்டையைக் கிழித்ததும் நான்தான், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுகையும் வந்தது. அவர் ஒரு குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்ததும் கேட்டார்:

"அந்த நாலு பெட்டி எத்தன கிலோ மாப்ள?"

"மச்சான், நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன கேக்கிய?"

"அதான் கேக்கேன். எத்தன கிலோ? ஷீட்டோட கார்பன் காப்பி எங்கிட்ட இருக்கு. எத்தனையோ தடவ போட்டுப் பாத்துட்டேன். வால்ல நூறு கிலோவுக்கு மேல ஏறியிருந்தாத்தான் அன்னைக்கு மாதிரி தூக்கும். அப்படின்னா நான் எழுதுனது சரி. அதுக்குக் கீழன்னா என் கணக்குலயும் தப்பு இருக்கு. அத்தன பேர நானும் சேந்துதான் ஆபத்துல ஏத்தியிருக்கேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். என்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அந்த முகத்தில் எனக்கு இடமே இல்லை. அந்த எண் மட்டும்தான் இருந்தது. இத்தனை வருடம் அவரைத் தூங்கவிடாமல் செய்தது தங்கச்சியின் ஏச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அவரைச் சமாதானப்படுத்த நினைத்து, அவசரத்தில் "நூத்தி இருவது இருக்கும் மச்சான்" என்றேன்.

"இருக்கும்னா? எட போட்டியா?"

"இல்ல... குத்துமதிப்பா..."

அவர் குடையை மடக்கினார். "இன்னும் நீ லாரிக்குத்தாம்லே ஏத்துத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் கிலோக் கணக்குக் கேட்கிற மனிதர்! வேனை எடுத்துக்கொண்டு இலஞ்சி வரைக்கும் வாய்விட்டு அவரை ஏசிக்கொண்டே வந்தேன். அதன் பிறகுதான் உறைத்தது. அவர் என்னிடம் வாழ்நாளில் கேட்டது அது ஒன்றுதான். அதற்கும் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றப் பார்த்தேன்.

முந்தாநாள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, "அப்ப பதினாலு வருசமா என் வாயாலயே எங்கண்ணன ஏச வச்சிருக்கிய" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. வீட்டில் இரண்டு நாளாக என்ன என்று நீங்கள் பார்த்துப் பார்த்துக் கேட்டது இதைத்தான். அவள் பேசாமல் இருப்பது நியாயம். நீங்களும் கோபப்படலாம். ஆனால் பத்திரிகையை நீங்கள் இரண்டு பேரும் நேரில் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். அவர் வருவாரோ மாட்டாரோ, அது அவர் பாடு. எனக்காகப் பரிந்து எதுவும் பேசாதீர்கள்.

சமையற்காரர் இப்போது கடையநல்லூரில்தான் இருக்கிறார். நேற்றுக் காலை போன் செய்து, அந்த நாலு பெட்டியில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன்.

"ஏலே, இத்தன வருசம் கழிச்சு என்ன, கஞ்சி காய்ச்சப் போறியா?" என்று சிரித்தார். எதற்கு என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. சமையற்காரர்களுக்குச் சாமான் பட்டியல் மறக்காது. "மூணு பெட்டி ஒரே கணக்கு. நொய்யரிசி பதினஞ்சு, பாசிப்பருப்பு நாலு, பேரீச்சம்பழம் அஞ்சு. நாலாவதுல பதினஞ்சு கிலோ எண்ணெ டின்னு ஒண்ணு, வெங்காயம் பத்து, இஞ்சி பூண்டு மூணு, மசாலாவும் வெந்தயமும் நாலு" என்று மூச்சு விடாமல் சொன்னார். பிறகு, "அந்த வருசம் கஞ்சி காய்ச்சுனேன் மாப்ள. நான் ஒரு வாயி குடிக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மளிகைக் கடையை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். முதலாளியிடம் காரணம் சொல்லாமல் சாவி வாங்கினேன். உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய அட்டைப் பெட்டி நாலு எடுத்து, அவர் சொன்ன கணக்குப்படியே ஒவ்வொன்றாக நிரப்பி, கயிறு போட்டுக் கட்டினேன். எடை மேடையில் ஒன்றும் இல்லாதபோது சைபர் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். முதல் மூன்றையும் வைத்தபோது எழுபத்து நாலு கிலோ நானூறு கிராம் என்று நின்றது. நூறுக்குக் கீழே போய்விட்டால் இதை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கொடுக்கத்தான் வேண்டும். நாலாவது பெட்டியைக் கட்டிப்பிடித்து, முழங்கால் கொடுத்து, தூக்கி மேலே வைத்தேன். நூற்று ஏழு கிலோ இருநூறு கிராம்.

ஒரு தடவை போட்டால் அவருக்குப் போதாது. நாலையும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏற்றினேன். அதே எண்தான் வந்தது. கடை பில் புத்தகத்திலிருந்து எழுதாத தாள் ஒன்றைக் கிழித்து, சமையற்காரர் சொன்ன பட்டியலின்படி என்று மேலே போட்டு, சாமான்களை வரிசையாக எழுதி, அடியில் அந்த எண்ணை எழுதினேன். அதற்கும் கீழே, ஏற்றியது நான் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். மாமாவிடம் கொடுக்க அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு பெட்டிகளைப் பிரித்து, அரிசியை அரிசிச் சாக்கிலும் பருப்பைப் பருப்புச் சாக்கிலும் திரும்பக் கொட்டினேன்.